பழைய ஜாஸ் மறுவெளியீடுகளும் போர்க்கால ஒலிபரப்புகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

1920களிலிருந்து 1940கள் வரை அமெரிக்காவில் பதிவான ஜாஸை, அதன் பிற்கால மறுவெளியீடுகள் வழியாகச் சேர்த்துவருகிறேன். இரண்டாம் உலகப்போர்க் கால ரேடியோ நிகழ்ச்சிகளும் அதில் சேர்த்தி. அலமாரியைப் பார்ப்பவர்கள் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒரே மாதிரியானவை. அவற்றைக் கேட்டவர்களின் வார்த்தைகளிலேயே எழுதி, பதிலையும் கீழே தந்திருக்கிறேன். எளியவை முதலில், சிக்கலானவை பின்னால்.

பழைய தட்டையே தேடி வாங்கலாமே? மறுவெளியீடு எதற்கு?

வாங்கலாம், கையில் காசும் வீட்டில் இடமும் இருந்தால். நிமிடத்துக்கு 78 முறை சுற்றும் இந்த 78 சுழற்சித் தட்டுகள் அரக்கும் கல்தூளும் கலந்து செய்தவை. கீழே விழுந்தால் அப்பளம்தான். அந்தக் கால கிராமபோனின் இரும்பு முள் ஓடும் ஒவ்வொரு முறையும் காடியை, அதாவது ஒலி பதிந்திருக்கும் பள்ளத்தை, கொஞ்சம் தேய்த்துவிடும். மக்கள் விரும்பிக் கேட்ட தட்டுதான் அதிகம் தேய்ந்திருக்கும். யாரும் கேட்காத தட்டு இன்றும் புதுசாகக் கிடைக்கும்.

நல்ல நிலையில் தப்பிய பிரதிகளைச் சேகரிப்பாளர்களிடமிருந்து இரவல் வாங்கி, பொருத்தமான முள்ளால் ஓட்டி, எல்பி என்ற பிற்கால நீள் தட்டாகவோ சிடியாகவோ கொண்டுவருவதுதான் மறுவெளியீடு. பொருத்தமான முள் என்பது சாதாரண விஷயமில்லை. 78 காடி எல்பி காடியைவிடக் கிட்டத்தட்ட மூன்று மடங்கு அகலம். எல்பி முள்ளை அதில் வைத்தால் அடியில் கிடக்கும் தூசியைத்தான் படிக்கும். நல்ல பொறியாளர் நாலைந்து அளவு முட்களை மாற்றி மாற்றி வைத்து, காடியில் தேயாத உயரம் எது என்று தேடுவார்.

கம்பெனியிடம் ஒரிஜினல் மாஸ்டர் இருக்காதா? அதிலிருந்தே போடலாமே?

சிலவற்றுக்கு இருக்கிறது. விக்டர், கொலம்பியா போன்ற பெரிய கம்பெனிகள் தட்டு அச்சிட வைத்திருந்த உலோகத் தகடுகளில் கணிசமானவை பிழைத்தன. சின்னக் கம்பெனிகளின் கதை வேறு. விஸ்கான்சினில் நாற்காலி செய்த ஒரு நிறுவனம் பாரமவுண்ட் என்ற பெயரில் தட்டும் போட்டது. ஜாஸ் கலைஞர் கிங் ஆலிவரும் ப்ளூஸ் பாடகர் ப்ளைண்ட் லெமன் ஜெஃபர்சனும் பதிவு செய்த லேபிள் அது. அதன் உலோகத் தகடுகள் பழைய உலோக விலைக்குப் போய்விட்டன. ஆகவே அந்த இசை இன்று நமக்குக் கிடைப்பது பெரும்பாலும் தேய்ந்த அரக்குத் தட்டுகள் வழியாகவே. சில பதிவுகளுக்கு உலகம் முழுக்க இரண்டு மூன்று பிரதிகள்தான் உண்டு.

ஜாஸ் எனக்குப் புதுசு. எதை முதலில் வாங்குவது?

லூயிஸ் ஆர்ம்ஸ்ட்ராங் 1925 முதல் 1928 வரை ஓகே (OKeh) லேபிளுக்காக ஹாட் ஃபைவ், ஹாட் செவன் என்ற தன் குழுக்களோடு செய்த பதிவுகள். யோசிக்கவே வேண்டாம். ஜாஸ் என்று சொல்லி வெளிவந்த முதல் தட்டு 1917-ல் ஒரிஜினல் டிக்ஸிலேண்ட் ஜாஸ் பேண்ட் போட்டது. வரலாற்றுக்காக ஒருமுறை கேளுங்கள். மறுமுறை கேட்கத் தூண்டுவது ஆர்ம்ஸ்ட்ராங்தான்.

ஒரே பாட்டு பத்து சிடியில் இருக்கே. எல்லாம் ஒன்றுதானே? மலிவானதை வாங்கினால் என்ன?

ஒன்றே இல்லை. சோதித்துப் பார்க்க ஒரு வழி சொல்கிறேன். 1928 ஜூன் 28 அன்று சிகாகோவில் பதிவான 'வெஸ்ட் எண்ட் ப்ளூஸ்' பாடலை இரண்டு மூன்று வெளியீடுகளில் கேளுங்கள். தொடக்கத்தில் ஆர்ம்ஸ்ட்ராங் துணை எதுவும் இல்லாமல் டிரம்பெட் மட்டும் வாசிக்கிறார். அந்த இடத்தில் எல்லா வெளியீடும் நன்றாகவே இருக்கும், ஏனென்றால் அந்த ஒலி எதையும் கிழித்துக்கொண்டு வந்துவிடும். கடைசியைக் கேளுங்கள். பாட்டு அடங்கும்போது ஜுட்டி சிங்கிள்டன் கைத்தாளத்தில் 'டக்' என்று ஒரு தட்டுத் தட்டி முடிப்பார். நல்ல வெளியீட்டில் அது உலோகம் என்று தெரியும், அறையின் அளவுகூடத் தெரியும். மோசமான வெளியீட்டில் தலையணையில் தட்டியதுபோல் இருக்கும்.

வித்தியாசம் எங்கிருந்து வருகிறது? எந்தப் பிரதியை எடுத்தார்கள், யார் அதை மாற்றிப் பதிந்தார்கள், அப்புறம் எவ்வளவு 'சுத்தம்' செய்தார்கள் என்ற மூன்றிலிருந்தும். முன்னட்டையில் பெரிய எழுத்தில் 'டிஜிட்டல் ரீமாஸ்டர்' என்று இருப்பது எதையும் சொல்வதில்லை. உள்ளே சின்ன எழுத்தில் ஒலிமாற்றம் செய்தவர் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். பெயரே போடவில்லை என்றால் வேறு யாரோ செய்த சிடியிலிருந்து நகல் எடுத்திருக்க வாய்ப்பு அதிகம்.

யார் பெயர் இருந்தால் நம்பி வாங்கலாம்?

என் பட்டியலில் முதலில் இருப்பவர் ஜான் ஆர். டி. டேவிஸ். இங்கிலாந்துக்காரர், 2004-ல் காலமானார். டெம்பரன்ஸ் செவன் என்ற குழுவில் துருக்கித் தொப்பி போட்டுக்கொண்டு டிராம்போன் வாசித்தவர். கம்ப்யூட்டர் வருவதற்கு முன் இவர் வேலை செய்த விதம் இது: தட்டை டேப்பில் பதிந்துகொள்வார். 'டிக்' என்ற சத்தம் டேப்பில் எந்த இடத்தில் விழுகிறது என்று கையால் சுருளை நகர்த்திக் கண்டுபிடிப்பார். பிறகு பிளேடு முனையால் அந்த இடத்தில் மட்டும் காந்தப் பூச்சைச் சுரண்டி எடுப்பார். சத்தம் போய்விடும், இசை அப்படியே இருக்கும். ஒரு பக்கத்தில் இப்படி நூற்றுக்கணக்கான இடங்கள் வரும். ஜேஎஸ்பி லேபிளில் அவர் கைபட்ட ஹாட் ஃபைவ் பெட்டி நான்கு சிடி. எனக்கு இன்றும் அதுதான் அளவுகோல்.

அமெரிக்காவில் ஜாக் டவர்ஸ், டக் பாமராய் ஆகியோரின் பெயர்கள். லேபிள்களில் மொசைக், ஹெப், ஃப்ராக், ரெட்ரீவல். 1925-க்கு முந்தைய ஒலிப்பதிவுகள் வேண்டுமானால் ஆர்க்கியோஃபோன். பிரான்ஸின் கிளாசிக்ஸ் வரிசை வேறு ரகம். கலைஞர் வாரியாக, கால வரிசையில் எல்லாம் கிடைக்கும். ஆனால் ஒலியின் தரம் சிடிக்கு சிடி மாறும்.

கரகரப்பே இல்லாத சிடிதானே நல்ல சிடி?

இல்லை. இந்த ஒரு நம்பிக்கைதான் நிறையப் பேரைக் கெடுக்கிறது. அரக்குத் தட்டில் உள்ள கரகரப்பும், டிரம்ஸின் ஹை-ஹேட் தாளமும், டிரம்பெட்டின் மேல் ஸ்தாயி ஓசையும் ஒரே அலைவரிசைப் பகுதியில் இருக்கின்றன. ஒன்றை மொத்தமாகத் துடைத்தால் மற்றதும் போகும். கரகரப்பு துளியும் இல்லாத 1927 பதிவைக் கேட்டால், அங்கே இசையிலும் ஏதோ குறைந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நல்ல பொறியாளர் 'டிக்', 'டக்' சத்தங்களை எடுப்பார். தொடர்ந்து வரும் மெல்லிய இரைச்சலைக் கொஞ்சம் விட்டுவைப்பார். இரண்டு நிமிடம் கேட்டால் காது அதை ஒதுக்கிவிடும்.

அட்டையில் 'ஸ்டீரியோ' என்று போட்டிருக்கே?

1920, 30களின் வணிகப் பதிவுகள் மோனோ. 1960களில் எல்பி கம்பெனிகள் ஒரு பக்கம் கீழ் ஸ்தாயியையும் மறுபக்கம் மேல் ஸ்தாயியையும் அனுப்பி, எதிரொலியும் சேர்த்து, செயற்கை ஸ்டீரியோ செய்தன. அவற்றை இனாமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். 1980களில் ஆஸ்திரேலியரான ராபர்ட் பார்க்கர் இதையே இன்னும் நேர்த்தியாகச் செய்தார், பிபிசி வழியாக நிறைய விற்றது. அவர் சுத்தம் செய்த விதத்தில் திறமை உண்டு. சேர்த்த எதிரொலி எனக்குப் பிடிக்காது. பலரை இந்த இசைக்குள் இழுத்துவந்ததும் அதே தொடர்தான் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

போர்க்கால ஒலிபரப்பு என்றால் செய்தியா, பாட்டா?

இரண்டும். 1944 ஜூன் 6 நார்மண்டி தரையிறக்கச் செய்திகளும் கிடைக்கும், நடன அரங்கிலிருந்து நேரடியாக வந்த பெரிய பேண்ட் இசையும் கிடைக்கும். இரண்டும் கலந்த ஓர் அருமையான சான்று உண்டு. வாஷிங்டனின் டபிள்யூஜேஎஸ்வி நிலையம் 1939 செப்டம்பர் 21 அன்று காலை தொடங்கி நள்ளிரவு தாண்டி நிலையம் மூடும் வரை ஒலிபரப்பிய அனைத்தையும் பதிவு செய்துவைத்தது. போர் தொடங்கி மூன்று வாரம். சமையல் குறிப்பு, சோப்பு விளம்பரம், நடுவில் நடுநிலைச் சட்டம் பற்றி அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட் அந்நாட்டு நாடாளுமன்றமான காங்கிரஸில் பேசிய பேச்சு, இரவில் நடன பேண்டுகள். இணையத்தில் இலவசமாகவே கேட்கலாம்.

அமெரிக்க ராணுவம் 1942-ல் ஆயுதப்படை வானொலிச் சேவையைத் தொடங்கியது. சுருக்கமாக ஏஎஃப்ஆர்எஸ். வணிக நிலையங்களின் நிகழ்ச்சிகளிலிருந்து விளம்பரத்தை நீக்கி, 16 அங்குலத் தட்டுகளில் பதித்து, உலகெங்கும் படை முகாம்களுக்கு அனுப்பினார்கள். பக்கத்துக்குக் கால் மணி நேரம். சொந்தமாகவும் நிகழ்ச்சிகள் தயாரித்தார்கள். அவற்றில் 'ஜூபிலி' கறுப்பினப் படைவீரர்களை மனதில் வைத்துத் தொடங்கப்பட்டது. கவுண்ட் பேஸி, ஜிம்மி லன்ஸ்ஃபோர்ட் எல்லாம் அதில் வாசித்திருக்கிறார்கள். ஜாஸ் பிரியர்களுக்கு அது புதையல்.

ரேடியோவில் போனது காற்றோடு போயிருக்குமே. யார் பதிவு செய்தார்கள்?

நேயர்களும் பொறியாளர்களும். அலுமினியத் தகட்டின் மேல் அரக்கு போன்ற பூச்சு பூசிய தட்டில் நேரடியாக வெட்டிப் பதியும் இயந்திரம் 1930களில் வந்துவிட்டது. பில் சேவரி என்ற பொறியாளர் நியூயார்க்கில் தன் வேலை நேரத்திலும் வேலை முடிந்தும் ரேடியோவிலிருந்து பதிந்து குவித்தார். பல பத்தாண்டுகள் யாருக்கும் பெரிதாகக் கொடுக்கவில்லை. 2004-ல் அவர் இறந்தபின் மகனிடமிருந்து ஹார்லெமில் உள்ள தேசிய ஜாஸ் அருங்காட்சியகம் 2010-ல் அத்தனையையும் பெற்றது. ஒலிமாற்றம் செய்தவர் மேலே சொன்ன டக் பாமராய். 2018-ல் மொசைக் அதிலிருந்து ஆறு சிடிப் பெட்டி போட்டது. 78 தட்டின் 3 நிமிடக் கெடுபிடி இல்லாமல் இந்தக் கலைஞர்கள் எவ்வளவு நேரம், எப்படி வாசித்தார்கள் என்று அதில் தெரிகிறது.

இன்னொன்று, 1940 நவம்பர் 7. வடக்கு டகோட்டாவில் ஃபார்கோ என்ற ஊரின் நடன அரங்கில் டியூக் எலிங்டன் குழு. ஜாக் டவர்ஸும் டிக் பர்ரிஸும் அனுமதி வாங்கி, கையில் கொண்டுபோன இயந்திரத்தில் அன்றிரவைப் பதிந்தார்கள். இருவரும் அப்போது இளைஞர்கள். அது 1978-ல்தான் முறையாக வெளியாகி கிராமி விருதும் வாங்கியது. எலிங்டனின் மிகச் சிறந்த குழு, கூட்டத்தின் சலசலப்போடு. ஒரே ஒரு நேரடிப் பதிவுதான் வாங்குவேன் என்பவருக்கு இதைச் சொல்வேன்.

போர்க்காலத் தட்டுகளில் ஒரு கூடுதல் கஷ்டம். அலுமினியம் விமானத்துக்குப் போனதால் கண்ணாடித் தகட்டின் மேல் பூச்சு பூசினார்கள். அவற்றில் உடைந்தவை ஏராளம், பூச்சு உரிந்தவை அதைவிட அதிகம். ஒலிபரப்பு சிடிகளில் பாட்டு நடுவில் வெட்டுப்படுவதற்கு முக்கால்வாசிக் காரணம் இதுதான்.

1942 நடுவிலிருந்து 1944 வரை எந்தக் கலைஞரின் பட்டியலிலும் ஓட்டை விழுகிறதே, எல்லாரும் போருக்குப் போய்விட்டார்களா?

சிலர் போனார்கள். ஆனால் ஓட்டைக்குக் காரணம் வேறு. ரேடியோவும், காசு போட்டால் பாடும் ஜூக்பாக்ஸும் தட்டுகளைப் போட்டே பிழைப்பு நடத்துகின்றன, வாசிப்பவனுக்கு ஒன்றும் வருவதில்லை என்று இசைக்கலைஞர் சங்கத் தலைவர் ஜேம்ஸ் பெட்ரில்லோ 1942 ஆகஸ்ட் 1 முதல் பதிவுக்கூட வேலைநிறுத்தம் அறிவித்தார். டெக்கா கம்பெனி 1943 செப்டம்பரில் இறங்கிவந்தது. விக்டரும் கொலம்பியாவும் 1944 நவம்பர் வரை இழுத்தன. அதே 1942-ல் அரக்குக்கும் தட்டுப்பாடு. பழைய தட்டைக் கொண்டுவந்து கொடுங்கள், அரைத்துப் புதுசு செய்கிறோம் என்று கம்பெனிகள் கேட்ட காலம்.

நேரடி ஒலிபரப்புக்கு இந்தத் தடை இல்லை. அதனால்தான் போர்க்கால ரேடியோப் பதிவுகளை நான் துணைச்சரக்காக நினைப்பதில்லை. அந்த இரண்டு வருட ஜாஸுக்கு அவையே முதல் சரக்கு. பீபாப் என்ற புது ஜாஸ் பாணி பிறந்ததும் அப்போதுதான். அதன் முன்னோடிகளான சார்லி பார்க்கரும் டிஸ்ஸி கில்லெஸ்பியும் 1943-ல் ஒன்றாக இருந்த ஏர்ல் ஹைன்ஸ் குழு ஒரு தட்டுகூடப் போடவில்லை. ஹோட்டல் அறையில் நண்பர் ஒருவர் பதிந்த சில துண்டுகளை வைத்துத்தான் அந்தக் காலத்துப் பார்க்கரை ஊகிக்கிறோம்.

வி-டிஸ்க் எல்லாவற்றையும் அழித்துவிட்டார்கள் என்கிறார்கள். அப்புறம் எப்படி சிடியில் வருகிறது?

வி-டிஸ்க் என்பது அமெரிக்க ராணுவமே 1943 முதல் 1949 வரை வெளியிட்ட தட்டு. 12 அங்குலம், 78 சுழற்சி, ஆனால் அரக்குக்குப் பதில் வினைல் வகைப் பொருள், கப்பலில் உடையாமல் போக. நெருக்கமாகக் காடி வெட்டியதால் ஒரு பக்கத்தில் 6 நிமிடத்துக்கு மேல் அடங்கும். 80 லட்சம் பிரதிகளுக்கு மேல் போனது. படைவீரருக்கு மட்டும், விற்பனைக்கு இல்லை என்ற வாக்குறுதியில் கலைஞர்கள் கூலி வாங்காமல் வாசித்தார்கள், பெட்ரில்லோவும் விட்டுக்கொடுத்தார். லேபிள் ஒப்பந்தங்களும் குறுக்கே வரவில்லை. அதனால் வேறு எங்கும் ஒன்றாக நிற்க முடியாதவர்கள் இதில் ஒன்றாக நின்றார்கள். பியானோக் கலைஞர் ஃபேட்ஸ் வாலர் 1943 செப்டம்பரில் இதற்காகப் பாடிப் பேசிச் சிரித்து வாசித்திருக்கிறார். அந்த டிசம்பரில் இறந்துவிட்டார்.

வாக்குறுதிப்படி போருக்குப் பின் தகடுகளை அழித்தார்கள். வீரர்கள் ஊருக்கு எடுத்துவந்த தட்டுகளைக்கூடச் சில இடங்களில் பறிமுதல் செய்தார்கள். ஆனாலும் பெட்டிக்கு அடியில் துணிக்குள் வைத்துக் கொண்டுவந்ததையெல்லாம் யார் தேடிப் பிடிப்பது? வாஷிங்டனில் உள்ள அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்திலும் ஒரு முழுத் தொகுப்பு இருக்கிறது. பின்னாளில் சங்கத்துடனும் கலைஞர் குடும்பங்களுடனும் பேசி முறையாக வந்தவை உண்டு, பேசாமலே வந்தவை அதைவிட அதிகம்.

க்ளென் மில்லர் ஜெர்மன் மொழியில் பேசும் பதிவு இருக்கிறதாமே, ஏமாற்று வேலையா?

உண்மைதான். மில்லர் புகழ்பெற்ற அமெரிக்க பேண்ட் தலைவர், போரில் ராணுவத்தில் சேர்ந்தவர். 1944 அக்டோபர் கடைசியிலும் நவம்பரிலும் லண்டன் அபே ரோடு ஸ்டுடியோவில், ஜெர்மன் படையினர் கேட்பதற்காகவே அவருடைய ராணுவ பேண்டை வைத்து நிகழ்ச்சிகள் பதிவாயின. இல்ஸா என்ற அறிவிப்பாளர் ஜெர்மனில் பேச, மில்லர் உச்சரிப்பை எழுதிவைத்துப் படிப்பார். ஜானி டெஸ்மண்ட் ஜெர்மனில் பாடுவார். ஸ்டுடியோ பதிவு என்பதால் ஒலி அபாரம். அந்த டிசம்பர் 15 அன்று மில்லர் சென்ற விமானம் ஆங்கிலக் கால்வாய்ப் பகுதியில் காணாமல் போனது.

ஹிட்லர் ஜாஸை எதிர்த்தாரே. 'சார்லி அண்ட் ஹிஸ் ஆர்கெஸ்ட்ரா' சிடி ஜெர்மனியிலிருந்து எப்படி?

நாஜி அமைச்சர் கோயபல்ஸின் பிரசார அமைச்சகம் நடத்திய குழு அது. லுட்ஸ் டெம்ப்ளின் இசை நடத்த, கார்ல் ஷ்வெட்லர் ஆங்கிலத்தில் பாடினார். பிரபலமான அமெரிக்கப் பாட்டின் முதல் சரணம் ஒழுங்காக வரும். அடுத்ததில் சர்ச்சிலையும் ரூஸ்வெல்ட்டையும் யூதர்களையும் இழிவுபடுத்தும் வரிகள். சிற்றலையில் பிரிட்டனுக்கு அனுப்பினார்கள். வாசிப்பு கெட்டியானது, அதுதான் சங்கடம். ஆவணம் என்ற வகையில் ஒரு தொகுப்பு வைத்திருக்கிறேன். விருந்தாளி வந்தால் போடமாட்டேன்.

மேட்ரிக்ஸ் எண், டேக் என்று சேகரிப்பாளர்கள் உயிரை விடுகிறார்களே, அதில் என்ன இருக்கு?

ஒரே பாட்டை ஒரே நாளில் இரண்டு மூன்று முறை பதிவார்கள். ஒவ்வொரு முயற்சியும் ஒரு டேக். பாட்டுக்கு மேட்ரிக்ஸ் எண், அதன் பின்னால் டேக் எண். ஜாஸில் தனி வாசிப்பு ஒவ்வொரு முறையும் மாறும் என்பதால் இரண்டாவது டேக் வேறொரு பாட்டு மாதிரி. கிளாசிக்ஸ் வரிசையில் மாற்று டேக்குகள் கிடையாது, அதைத் தெரிந்து வாங்குங்கள். கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் சாண்டா பார்பரா வளாகம் நடத்தும் அமெரிக்கப் பதிவுகளின் இணையப் பட்டியலில் எண்ணைத் தட்டினால் நாள், இடம், பெரும்பாலும் வாசித்தவர்கள் வரை வரும். வாங்குமுன் பார்த்தால் ஒரே டேக்கை மூன்று முறை வாங்காமல் தப்பிக்கலாம்.

என் சிடியில் பாட்டு கொஞ்சம் வேகமாகப் போகிறது போலிருக்கு. பிரமையா?

பிரமையாக இருக்காது. 78 என்பது பெயருக்குத்தான். தொடக்க காலத்தில் 76-லும் பதிந்தார்கள், 80-லும் பதிந்தார்கள். வேகம் சுமார் 6 சதவீதம் கூடினால் சுருதி அரை ஸ்வரம் ஏறும். ஊதுவாத்தியக்காரர்கள் பி-ஃப்ளாட், ஈ-ஃப்ளாட், எஃப் சுருதிகளில் வாசிக்கவே விரும்புவார்கள். சிடியில் பாட்டு பி சுருதியில் ஒலித்தால் பொறியாளர் வேகத்தைச் சரிபார்க்கவில்லை என்று சந்தேகப்படலாம். கீபோர்டு ஒன்று இருந்தால் வீட்டிலேயே சோதிக்கலாம்.

நம் பக்கம் இதற்கு ஏதாவது தொடர்பு உண்டா?

தட்டே நம் பக்கத்து அரக்குதான். உலகத்தின் அரக்கில் பெரும்பங்கு சோட்டா நாக்பூர் காடுகளிலிருந்து போனது. மேலே சொன்ன 1942 தட்டுப்பாட்டின் வேர் இங்கே, போரில் அடைபட்ட கடல்வழியில். இசையிலும் உண்டு. சிகாகோ பியானோக் கலைஞர் டெடி வெதர்ஃபோர்ட் போர்க்காலத்தில் கல்கத்தா கிராண்ட் ஹோட்டலில் குழு நடத்தி, அங்கேயே கொலம்பியாவுக்குப் பதிவுகள் செய்தார். 1945 ஏப்ரலில் அதே ஊரில் காலராவில் இறந்தார். 1926 முதல் 1944 வரையான இந்திய ஜாஸை ஹார்லெக்வின் லேபிள் ஓர் எல்பியாகப் போட்டது. கண்ணில் பட்டால் விடாதீர்கள். தென்கிழக்காசியாவில் போரிட்ட நேசநாட்டுப் படைகளுக்காகக் கொழும்பில் நடந்த ரேடியோ சீயாக் நிலையத்தின் கருவிகள்தான் பிறகு ரேடியோ சிலோன் கைக்கு வந்தன. நம் வீட்டுப் பெரியவர்கள் தமிழ்ச் சினிமாப் பாட்டுக் கேட்டது அந்த வழியில்.

இதெல்லாம் காப்புரிமை முடிந்ததா? பதிவிறக்கலாமா?

நாட்டுக்கு நாடு வேறு. இந்தியாவில் ஒலிப்பதிவுக்கு வெளியான ஆண்டின் முடிவிலிருந்து 60 ஆண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தில் 70 ஆண்டு, ஆனால் 1963-க்கு முன் வெளியானவை பழைய 50 ஆண்டு விதியிலேயே முடிந்துவிட்டன. மலிவு விலைப் பெட்டிகள் ஐரோப்பாவிலிருந்தே வருவதன் ரகசியம் இதுதான். அமெரிக்காவில் 1923 முதல் 1946 வரை வெளியானவற்றுக்கு 100 ஆண்டு. ஆகவே 1925-ல் வெளியானவை 2026 தொடக்கத்தில்தான் விடுபட்டன. இது பதிவுக்கு மட்டும். பாட்டு எழுதியவரின் உரிமை தனிக் கணக்கு. தட்டாக வெளிவரவே வராத ஒலிபரப்புகள் இன்னும் சிக்கல், சேவரி தொகுப்பு வெளிவரத் தாமதமானதில் அதற்கும் பங்குண்டு.

எல்லாம் ஸ்ட்ரீமிங்கில் இருக்கே, சிடி எதற்கு?

கேட்பதற்கு மட்டும் என்றால் வேண்டாம். ஆனால் அங்கே பாதிப் பாட்டுக்கு மறுவெளியீட்டு ஆண்டைத்தான் போடுகிறார்கள், 1928 பதிவு '2011' என்று வரும். ஒலிமாற்றியவர் பெயர் இருக்காது, டேக் எண் இருக்காது, வாசித்தவர்கள் பட்டியல் இருக்காது. நல்ல சிடியோடு வரும் குறிப்புப் புத்தகத்துக்காகவே நான் வாங்குவது உண்டு. மொசைக்கின் புத்தகங்கள் தனியாகவே படிக்கத் தகுந்தவை.

'இதுவரை வெளிவராதது' என்று அட்டையில் போட்டால் நம்பலாமா?

மூன்று விதத்தில் பொய்யாக இருக்கும். திருட்டு எல்பியாக 1970களில் வந்ததை 'முதன்முறை' என்பார்கள். ஒரே ஒலிபரப்பை வேறு தேதி, வேறு அரங்கின் பெயரில் போடுவார்கள். அல்லது தெரிந்த ஸ்டுடியோ பதிவோடு கைத்தட்டலைச் சேர்த்து நேரடி நிகழ்ச்சி ஆக்குவார்கள். கடைசி ரகத்தைக் கண்டுபிடிப்பது எளிது. ஸ்டுடியோ பதிவைப் பக்கத்தில் வைத்து ஒரு தனி வாசிப்பை மட்டும் ஒப்பிடுங்கள், ஸ்வரத்துக்கு ஸ்வரம் ஒத்துப்போனால் முடிந்தது கதை. மற்ற இரண்டுக்கும் அறிவிப்பாளர் குரலைக் கேளுங்கள். எந்த அரங்கு, எந்த நிலையம் என்று அவரே பாட்டுக்கு நடுவில் சொல்லிவிடுவார். அறிவிப்பை முழுக்க வெட்டியெறிந்த வெளியீடு என்றால் நான் இரண்டு முறை யோசிப்பேன்.